முகட்டில் விழும் நெருப்பு

மின்னலால் பற்றும் காட்டுத்தீ பெரும்பாலும் மலையின் உச்சிப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆள் வைக்கும் தீ அடிவாரத்தில், பாதையோரத்தில், மேய்ச்சல் வெளியில் தொடங்கி மேலே ஏறும். மின்னல் இறங்குவதோ முகட்டில் தனித்து நிற்கும் மரத்திலும், பாறை விளிம்பிலும், யாரும் போகாத கரட்டு உச்சியிலும். அங்கே பற்றும் தீ கீழ்நோக்கி வரும். தீயைக் கண்டுபிடிப்பது, நெருங்குவது, வளைத்துக் கட்டுவது எல்லாமே இதனால் மாறிவிடுகின்றன.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் போகிறவர்களுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் மேற்கே செங்குத்தாக எழும் மலைகள் கண்ணில் படும். பாலமலையும் குருடிமலையும் அவற்றைச் சேர்ந்த சரிவுகளும்தான் அவை. கோவை வனக்கோட்டத்தின் ஏழு வனச்சரகங்களில் ஒன்று இந்த ஊரின் பெயரையே தாங்கியது. மலைக்கு அந்தப்பக்கம் தடாகம் பள்ளத்தாக்கு, ஆனைகட்டி, அதற்கும் அப்பால் கேரளத்தின் அட்டப்பாடி. பாலமலையில் அரங்கநாதர் கோயில் இருக்கிறது. குஞ்சூர்பதி, பெரும்பதி, பசுமணி, மாங்குழி போன்ற இருளர் பழங்குடியினரின் ஊர்களான பதிகளும் அங்கே உண்டு. கீழே பஞ்சாலை இயந்திரத் தொழிற்சாலையும் பள்ளிகளும் குடியிருப்புகளும் தோட்டங்களும் மலையடி வரைக்கும் நெருங்கிவிட்டன. ஒரு தீ இறங்கி வந்தால் அதன் எதிரில் ஒரு நகரமே இருக்கிறது.

இந்தியாவில் காட்டுத்தீ ஏறத்தாழ முழுவதும் மனிதர் கையால் வருவதுதான். உலக வங்கியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் 2018-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மின்னல் தீ அரிது. ஆனால் அரிது என்பதால் அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. செங்குத்தான, வறண்ட, பாதையில்லாத சரிவில் எரியும் தீயை அடக்கும் வித்தையை மின்னல் தீயைப் போலச் சோதித்துப் பார்ப்பது வேறெதுவும் இல்லை.

மின்னல் பற்றவைக்கும் விதம்

மின்னல் பாயும் பாதையில் காற்றின் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். ஆனாலும் அது நிலைப்பது ஒரு நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரமே. அதற்குள் மரம் பிளக்கலாம், பட்டை தெறித்து விழலாம், தீ பற்றாமலும் போகலாம். தீயை மூட்டுவது பெரும்பாலும் இன்னொரு வகை மின்னல். முதல் பாய்ச்சல் முடிந்த பிறகும் அதே பாதையில் சில நூறு ஆம்பியர் மின்னோட்டம் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், விடாமல் ஓடும். இதைத் தொடர்மின்னோட்டம் என்பார்கள். காய்ந்த மரப்பொந்தையும் அடிமரத்தின் சருகையும் கனல வைக்க அந்த நேரம் போதும்.

அடுத்தது மழை. இடியோடு நல்ல மழை கொட்டினால் கனல் அணைந்துவிடும். மேகத்தின் அடி உயரத்திலும் கீழே காற்று வறண்டும் இருந்தால் மழைத்துளி தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். இதுதான் உலர் மின்னல். கலிபோர்னியாவில் 2020 ஆகஸ்டில் சில நாட்களில் ஆயிரக்கணக்கான மின்னல்கள் விழுந்து நூற்றுக்கணக்கான தீக்களை மூட்டின. அவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்த தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆஸ்திரேலியாவில் 2019 அக்டோபர் கடைசியில் வொல்லெமி தேசியப் பூங்காவில் மின்னலால் தொடங்கிய ஒரே தீ 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியது.

கொங்குப் பகுதியில் மின்னலின் காலம் மார்ச் கடைசியிலிருந்து மே வரை. பகல் முழுக்கக் காய்ந்த தரையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் சேர்ந்து மாலையில் மலைக்கு மேல் இடிமேகத்தைத் திரட்டும். கோடைமழைக்கு ஒழுங்கு கிடையாது. ஒரு ஊரில் பள்ளம் நிறைய ஓடும், பக்கத்து ஊரில் மண்வாசனையோடு நின்றுவிடும். ஜனவரியிலிருந்து காய்ந்து கிடக்கும் காட்டுக்கு மேல் இந்த அரைகுறை மழையோடு மின்னல் இறங்குகிற சில வாரங்களே ஆபத்தானவை. முறையான மழை பெய்து பச்சை துளிர்த்துவிட்டால் அந்தச் சாளரம் மூடிக்கொள்ளும். இங்கே மின்னல் தீ அரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மழை பெய்த பிறகும் தீ சாகாமல் இருக்கலாம். உளுத்த மரத்தின் உள்ளே, வேருக்கடியில், பாறை இடுக்கில் சேர்ந்த மக்கில் அது புகையாமல் கனன்றுகொண்டே கிடக்கும். மூன்று நான்கு நாள் வெயில் அடித்துப் புல் மீண்டும் காய்ந்ததும் எழுந்து வரும். வாரக்கணக்கில் மறைந்திருந்து வெளிப்பட்ட தீக்கள் அமெரிக்காவிலும் ஆல்ப்ஸ் மலையிலும் பதிவாகியிருக்கின்றன. இடிமழை ஓய்ந்த மறுநாள் மலையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவது இதனால்தான் தவறு.

எரிபொருளும் சரிவும்

தென்மேற்குப் பருவமழையை அட்டப்பாடிப் பக்கத்து மலைகள் வாங்கிக்கொள்வதால் பெரியநாயக்கன்பாளையத்தின் மலைமுகம் மழைமறைவில் நிற்கிறது. அடிவாரத்தில் முட்காடு: உசிலை, வேல், சதுரக்கள்ளி. அதற்கு மேலே இலையுதிர் காடும் மூங்கில் புதர்களும், உயரத்தில் பாறைகளும் புல்வெளியும். தீக்கு இவை ஒரே மாதிரி உதவுவதில்லை. கள்ளியும் பாறையும் உள்ள இடத்தில் தீ திட்டுத்திட்டாகத் தயங்கி நிற்கும். இலையுதிர் காட்டில் சருகு மெத்தையாகக் கிடப்பதால் தாழ்ந்த சுடர் சீராக நகரும். உயரத்துப் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்திருந்தால் தீ ஓடும், ஆளால் அதை முந்த முடியாது. எலுமிச்சைப்புல் இனத்தின் எண்ணெய் கொண்ட புற்கள் இன்னும் வேகமாகப் பற்றும். மூங்கில் எரியும்போது கணுக்கள் வெடிக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

எல்லாவற்றுக்கும் நடுவே உண்ணிச்செடி. தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த இது இன்று கோவை மலைகளின் அடிக்காட்டை அடைத்து நிற்கிறது. சருகோடு முடிய வேண்டிய தீயை மரத்தின் கிளை வரைக்கும் தூக்கிவிடும் ஏணி அதுவே. தீ போன பிறகு மற்றச் செடிகளுக்கு முன் துளிர்ப்பதும் அதுவே. தீ உண்ணியை வளர்க்கிறது, உண்ணி தீயை வளர்க்கிறது என்று 2005-இல் அங்கிலா ஹிரேமத், பாரத் சுந்தரம் இருவரும் முன்வைத்த கருத்து இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதத்தில் இருக்கிறது.

பாலைநில மலைகளிலும் இதே கதை வேறொரு செடியோடு நடக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சகுவாரோ கள்ளி நிற்கும் மலைகள் ஒரு காலத்தில் அதிகம் எரிந்ததில்லை, செடிக்கும் செடிக்கும் இடையே வெறும் மண்ணே இருந்தது. மாட்டுத் தீவனத்துக்காக 1930-களில் கொண்டுவரப்பட்ட ஒரு புல் அந்த இடைவெளியை நிரப்பியது. கொங்கு விவசாயிக்கு அந்தப் புல் அந்நியமல்ல. காங்கேயம் மாடு மேயும் கொறங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப்புல்தான் அது. இங்கே வெள்வேலும் கிளுவை வேலியும் சூழ மேவுக்காகப் பேணப்படுவது, அங்கே கள்ளிக்காட்டை எரிக்கும் திரியாகிவிட்டது. மாடு மேயாத இடத்தில் எந்தப் புல்லும் எரிபொருள்தான்.

எரிபொருளைவிடச் சரிவு பெரியது. மேலேறும் தீயின் சுடர் தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடும். சரிவு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலிய ஆய்வாளர் மெக்காதரின் பழைய விதி. சமதரையில் நடக்கும் தீ முப்பது டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு வேகத்தில் ஏறும். இரு சரிவுகளுக்கு இடையிலான பள்ளம் அடுப்பங்கரைப் புகைபோக்கி போலத் தீயை மேலே இழுக்கும். மலையில் ஆட்கள் இறந்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட பள்ளத்தின் தலைப்பாகவோ அதன் ஓரமாகவோ இருக்கும்.

முகட்டில் பற்றிய மின்னல் தீக்கு இந்த விதி முதலில் சாதகமாக இல்லை. அது காற்றை எதிர்த்துக் கீழே இறங்க வேண்டியிருப்பதால் மெதுவாக நகரும். முதல் ஓரிரு நாட்கள் அதன் பலவீனமான காலம், அப்போதே ஒரு சிறு குழு போய்ச் சேர்ந்தால் பச்சைத் தழையாலேயே அடித்து முடித்துவிடலாம். ஆபத்து வேறு வடிவில் வரும். எரிந்த மரத்துண்டோ, மூங்கில் கட்டையோ, தீயால் பிடிமானம் விட்ட கல்லோ உருண்டு கீழே போகும். பள்ளத்தின் அடியில் அது நின்ற இடத்தில் புதிதாக ஒரு தீ பற்றும். இந்த இரண்டாவது தீ மேல்நோக்கித் திரும்பி ஓடிவரும், மேலே வேலை செய்கிறவர்கள் அதன் வழியில் நிற்பார்கள்.

காற்றுக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பகலில் சூடான சரிவை ஒட்டிக் காற்று மேலேறும், இரவில் குளிர்ந்து கீழே இறங்கும். விடியற்காலையில் ஈரப்பதம் கூடிச் சுடர் சோர்ந்துவிடும். பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை தீ எஜமான், விடிகாலையில் ஆள் எஜமான். அனுபவமுள்ள வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வேலையை இரவின் பிற்பாதியிலும் விடியலிலும் வைத்துக்கொள்ள விரும்புவது இதனால்தான். யானை நடமாடும் காட்டில் இருட்டில் நடப்பது அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை.

கண்டுபிடிப்பது

டேராடூனில் இயங்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக 2004 முதல் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. மோடிஸ் கருவிக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம் ஒரு புள்ளி, பின்னர் வந்த விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். வெப்பப்புள்ளி தென்பட்டதும் வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர் ஆகியோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போய்விடும். பெரிய தீ நாள்கணக்கில் எப்படி நகர்கிறது என்று தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு 2019-இல் சேர்ந்தது.

மின்னல் தீக்கு இந்த ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது. விர்ஸ் சுமக்கும் செயற்கைக்கோள்கள் பிற்பகலிலும் நள்ளிரவுக்குப் பின்னும்தான் இந்த வானத்தைக் கடக்கின்றன. மின்னல் இறங்கும் மாலையில் மலைமேல் மேகம் மூடியிருக்கும், செயற்கைக்கோளுக்கு எதுவும் தெரியாது. பொந்துக்குள் கனலும் மரம் எந்தக் கருவிக்கும் ஒரு புள்ளியாகாது. ஆகவே மறுபக்கத்திலிருந்தும் தேட வேண்டியிருக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் மின்னல் பதிவுக் கருவிகளின் வலையமைப்பை நடத்துகிறது, அதை அடிப்படையாகக் கொண்ட ‘தாமினி’ செயலி பொதுமக்களுக்கும் கிடைக்கிறது. மின்னல் இறங்கிய முகடுகளைக் குறித்துவைத்து அடுத்த ஒரு வாரம் அவற்றைக் கண்காணிப்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை. பதிகளில் இருப்பவர்களின் கண் இதற்கெல்லாம் மேல். காலையில் பள்ளத்தில் படியும் பனி எது, புகை எது என்று அவர்களுக்குப் பார்த்ததும் தெரியும்.

வளைத்துக் கட்டுவது

காட்டுத்தீயை அணைப்பது என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். மலைத்தீயின் மேல் ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் எங்கும் கிடையாது, தீயணைப்பு வண்டி அடிவாரத்துச் சாலையோடு நின்றுவிடும். உண்மையில் நடப்பது தீயைச் சுற்றி எரிய எதுவுமில்லாத ஒரு வளையத்தை உண்டாக்கி, உள்ளே இருப்பதை எரிந்து தீரவிடுவது. தீ பாதி கட்டுக்குள் வந்தது என்று செய்தி வந்தால் பாதி அணைந்தது என்று பொருளல்ல, சுற்றளவில் பாதியில் நம்பகமான கோடு போட்டாகிவிட்டது என்று பொருள்.

வளையத்தை எங்கே தொடங்குவது என்பதே முதல் முடிவு. தீ பின்னால் சுற்றி வர முடியாத ஓர் இடம் வேண்டும்: வழுக்குப் பாறை, ஓடைப்படுகை, வண்டிப் பாதை, ஏற்கெனவே எரிந்து கருகிய திட்டு. அங்கிருந்து இரு விலாப்புறமும் நெருக்கிக்கொண்டு தீயின் தலையை நோக்கிப் போவார்கள். தலைக்கு நேர் எதிரே நின்று தடுக்கப் பார்ப்பது மலையில் தற்கொலைக்குச் சமம். வரைபடத்தில் வெறும் பாறையாகத் தெரியும் கரடுகளே இங்கே பெரிய துணை. பாலமலைச் சரிவுகளில் பாறைப்பட்டைகளை இணைத்துக்கொண்டே போனால் வெட்ட வேண்டிய கோட்டின் நீளம் வெகுவாகக் குறையும். மலையை அறிந்தவன் இல்லாமல் இந்த இணைப்பு நடக்காது. வனத்துறையில் தீத்தடுப்பு வேலைக்குப் பதிகளைச் சேர்ந்தவர்களை எடுப்பது கருணையால் அல்ல, வேறு வழியில்லாததால்.

சுடர் முழங்காலுக்குக் கீழே இருந்தால் நேரடி வேலை. பச்சைத் தழைக் கொத்தோடு கருகிய பக்கத்தில் நின்றுகொண்டு, சுடரின் அடியில் அழுத்தி உள்பக்கமாக இழுக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். தழை பத்து நிமிடத்தில் வாடிவிடும், அடுத்ததை ஒடித்துத் தருவதற்கே ஓர் ஆள் வேண்டும். இப்போது இலை ஊதும் இயந்திரம் வந்துவிட்டது. பத்துப் பேர் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு திறக்கும் சருகுக் கோட்டை ஒருவர் முதுகில் மாட்டிய ஊதியோடு நடந்தே திறந்துவிடுவார், பின்னால் வருகிறவர்கள் மிச்சத்தைக் கிண்டினால் போதும். ஆனால் அதற்குப் பெட்ரோல் சுமக்க வேண்டும். தோட்டத்தில் மருந்தடிக்கும் முதுகு ஸ்பிரேயரில் மேலே போகும் பதினைந்து இருபது லிட்டர் தண்ணீர், பெரும்பாலும் கட்டை கனலை அணைக்கவும் ஆட்கள் குடிக்கவுமே செலவாகும்.

சுடர் உயர்ந்துவிட்டால் விலகி நிற்க வேண்டும். முகடோ பாதையோ ஒன்றை எல்லையாக எடுத்துக்கொண்டு, அங்கிருந்து எதிர்த்தீ வைப்பார்கள். பெருந்தீ தன்னை நோக்கிக் காற்றை இழுக்கும் வேளையில் வைத்தால் எதிர்த்தீ அதை நோக்கிப் போய் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அரைமணி முந்தினாலும் பிந்தினாலும் இரண்டு தீயாகிவிடும். அனுபவம் இல்லாதவர் கையில் தீப்பெட்டியைக் கொடுக்கக் கூடாது என்பது இந்த வேலையின் எழுதாத சட்டம்.

மேலிருந்து இறங்கும் மின்னல் தீக்குக் கோட்டின் அமைப்பே வேறு. சரிவின் குறுக்கே வெறுமனே சுரண்டிய கோட்டை உருளும் கட்டை தாண்டிவிடும். ஆகவே கீழ்ப்பக்கம் மண்ணைக் குவித்து வரப்பு கட்டி, மேல்பக்கம் குழிவாக வெட்ட வேண்டும், உருண்டு வருவது அதில் விழுந்து நிற்கும். அதற்கும் கீழே பள்ளத்தில் இரண்டு பேர் காவலிருக்க வேண்டும். அந்த இருவர் மேலே இருப்பவர்களின் உயிரைக் காப்பவர்கள்.

பிறகு வருவது யாரும் படம் எடுக்காத வேலை. கோட்டின் உள்பக்கம் இருபது முப்பது மீட்டர் வரை ஒவ்வொரு அடிக்கட்டையையும் புரட்டிப் பார்ப்பது. புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோனால் கனல் இருக்கும் இடம் தெரியும். உளுத்து நிற்கும் பட்டமரத்தின் பொந்து மேலே புகைபோக்கியாகும், காற்று எழும்பினால் அதிலிருந்து பொறி கோட்டைத் தாண்டிப் போகும். வெட்டிச் சாய்க்க வேண்டும். காய்ந்த யானைச்சாணமும் இப்படித்தான், ஓர் உருண்டை மணிக்கணக்கில் சுடரில்லாமல் கனலும். அணைந்ததாக அறிவித்த தீ மூன்றாம் நாள் மீண்டும் எழுந்தது என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இப்படி விட்டுப்போன ஒரு கட்டையோ சாணமோ இருக்கும்.

ஆலாந்துறையில் நடந்தது

கோவை மலையில் செங்குத்துச் சரிவு எப்படிப்பட்ட எதிரி என்பதை 2023 ஏப்ரல் காட்டியது. மதுக்கரை வனச்சரகத்தில் ஆலாந்துறை அருகே நாதேகவுண்டன்புதூர் மலையில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. வனத்துறையினரும் காவலர்களும் தழையோடு ஏறியும் ஆள் நிற்க முடியாத பாறைச்சரிவுகளில் தீ கைக்கெட்டாமல் நகர்ந்தது. முடிவில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் வந்தது. பாம்பி பக்கெட் எனப்படும் தொங்கு வாளியில் பாலக்காட்டின் மலம்புழா அணையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து சரிவில் ஊற்றியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதித் தீயிலும் இதே வகை ஹெலிகாப்டர் ரேலியா அணைத் தண்ணீரைக் கொண்டுவந்தது. அங்கே 16,000 லிட்டருக்கு மேல் ஊற்றியதாக விமானப்படை தெரிவித்தது.

பதினாறாயிரம் லிட்டர் கேட்கப் பெரிதாக இருக்கும். கோவையில் வீடுகளுக்குத் தண்ணீர் விற்கும் லாரிக் கணக்கில் அது ஒன்றிரண்டு லோடுதான். வானத்துத் தண்ணீரின் பயன் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆள் போக முடியாத பாறை இடுக்கில் சுடரை அரைமணி நேரம் தாழ்த்திக் கொடுக்கும், அந்த அரைமணிக்குள் தரையில் இருப்பவர்கள் கோட்டை முடித்தாக வேண்டும். யாரும் பின்தொடராமல் ஊற்றிய தண்ணீர் வெயிலில் காய்ந்து, தீ மீண்டும் எழும். புகை மூடினாலும், காற்று சுழன்றாலும், வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்தாலும் ஹெலிகாப்டரின் திறன் குறையும். தளமும் அணையும் பக்கத்தில் இருப்பது கோவைக்கு வாய்த்த வசதி. அதை நம்பி, கோடைக்கு முன்பே ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் செலவைச் சுருக்குவது மோசமான பேரம்.

மலை ஆளைக் கொல்லும் விதம்

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் 1949 ஆகஸ்ட் 5 அன்று மான் கல்ச் என்னும் பள்ளத்தில் எரிந்த தீ மின்னலால் வந்தது. வானிலிருந்து குதித்து இறங்கிய தீயணைப்பு வீரர்கள் ஆற்றை நோக்கிக் கீழே நடந்தபோது தீ பள்ளத்தின் வாயைக் கடந்து அவர்களுக்குக் கீழே பற்றிவிட்டது. காய்ந்த புல்சரிவில் மேல்நோக்கி ஓடியவர்களைத் தீ முந்தியது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது எரிந்த சாம்பலில் படுத்துத் தப்பினார். கூட வரச்சொல்லி அவர் கூப்பிட்டது மற்றவர்களுக்குப் புரியவில்லை.

அரிசோனாவின் யார்னெல் மலையில் 2013 ஜூன் 28 அன்று மின்னல் மூட்டிய தீ முதல் நாள் சிறியதாகவே இருந்தது. கற்பாறை நிறைந்த சரிவு என்பதால் உடனே ஆள் இறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இடிமேகம் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட காற்று தீயின் திசையைத் திருப்பியது, கிரானைட் மவுண்டன் குழுவைச் சேர்ந்த 19 பேர் புதர் மண்டிய ஒரு பள்ளத்தாக்கில் சிக்கி இறந்தார்கள். தீயை மூட்டும் அதே இடிமேகமே தீயைத் திருப்பியும் விடும் என்பது மின்னல் தீயின் தனி ஆபத்து. கொங்கில் கோடை மாலைகளில் மழைக்கு முன் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிற காற்றும் இதே இனம்தான்.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று தீ மலையேற்றக்காரர்களைப் பிடித்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காய்ந்த புல்சரிவில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் 2020 பிப்ரவரியில் தீயணைக்கப் போன வனக் காவலர்களே மூன்று பேர் பலியானார்கள்.

இப்படிப்பட்ட சாவுகளிலிருந்து வந்த ஒழுங்கு எளிமையானது: முழுத்தீயும் தெரியும் உயரத்தில் ஒரு கண்காணிப்பாளர், அவரோடு அறுந்துபோகாத வயர்லெஸ், ஒவ்வொருவருக்கும் தெரிந்த தப்பும் வழி, அது போய்ச் சேரும் பாதுகாப்பான வெற்றிடம். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் இறங்கக் கூடாது. மலையில் பாதுகாப்பான வெற்றிடம் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே எரிந்து கருகிய தரையே. கோவைச் சரிவுகளில் வயர்லெஸ் அலை பள்ளத்துக்குள் போகாத இடங்கள் பல, அங்கே எதிர்ச்சரிவில் நிற்கும் ஒருவர் செய்தியைக் கடத்த வேண்டியிருக்கும். பருத்தி உடுப்பும் கால்மூடிய காலணியும் இல்லாமல், நைலான் பனியனும் ரப்பர் செருப்புமாகத் தீக்குள் போகும் தற்காலிகப் பணியாளர்களைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

எரியவிடலாமா?

அரிசோனாவின் டூசான் நகருக்கு வடக்கே சாண்டா கேடலீனா மலையில் 2020 ஜூன் 5 அன்று மின்னலால் தொடங்கிய பிக்ஹார்ன் தீ ஏழு வாரம் எரிந்து 48,000 ஹெக்டேரைக் கடந்தது. கரடுமுரடான மலை என்பதால் பல இடங்களில் தீயை அது விரும்பிய முகடு வரை வரவிட்டு, சாலைகளிலும் முகடுகளிலும் எல்லை வகுத்தே மடக்கினார்கள். அமெரிக்காவில் ஆளில்லாத வனப்பகுதிகளில் மின்னல் தீயை வேண்டுமென்றே எரியவிட்டுக் கண்காணிக்கும் கொள்கை 1960-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. எப்போதும் அணைத்துக்கொண்டே இருந்தால் எரிபொருள் சேர்ந்து பின்னால் பெருந்தீயாகும் என்பது அதன் நியாயம்.

தமிழ்நாட்டில் காட்டுத்தீ என்றால் அணைக்க வேண்டிய தீ மட்டுமே. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். அதற்கு முன் மலைமக்கள் குளிர்காலக் கடைசியில் சருகை மட்டும் எரியவிட்டு அடிக்காட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் ‘தரகு பெங்கி’ என்ற பெயரில் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறுதீ நின்ற பிறகே உண்ணி பெருகியது என்பது அவர்கள் வாதம்.

அமெரிக்க முறையைப் பாலமலையில் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. பதிகளும் கோயிலும் நகரமும் ஒரே சரிவில் இருக்கின்றன, எரியவிடுவதற்கு ஆளில்லாத பரப்பு கிடையாது. சோளகர் முறையின் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ள முடியும். பனி ஈரம் இருக்கும் ஜனவரி விடியலில், மேற்பார்வையோடு, கோடுகளின் ஓரத்துச் சருகை எரித்துவிடுவதை வனத்துறையே ஓரளவு செய்கிறது. அந்தப் பட்டையை அகலமாக்கி, முன்னதாக உண்ணியை வேரோடு எடுத்துவிட்டுச் செய்வது, ஏப்ரலில் நூறு பேரை மலையேற்றுவதைவிட மலிவு.

தீக்குப் பிறகு

காரணம் கண்டுபிடிப்பது தீ அடங்கியதும் தொடங்கும் வேலை. எரிந்த பரப்பில் கல்லின் எந்தப் பக்கம் கரி, புல்தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துப் பின்னோக்கி நடந்தால் தொடங்கிய இடத்துக்குப் போகலாம். அது முகடாக இருந்து, அங்கே உச்சியிலிருந்து அடி வரை பட்டை சுருளாக உரிந்த மரமோ, தெறித்துக் கிடக்கும் சிம்புகளோ இருந்து, மின்னல் பதிவும் அதே இடத்தைக் காட்டினால் சந்தேகமில்லை. இரண்டும் இல்லாமல் மின்னல் என்று எழுதுவது பீடித்துண்டைத் தேடும் சிரமத்தைத் தவிர்க்கும் வழியாகிவிடும். தீத்தடுப்புப் பணம் எங்கே போக வேண்டும் என்பதையே இந்தப் பதிவுதான் முடிவு செய்கிறது என்பதால் அந்தச் சிரமம் பட்டே ஆக வேண்டும்.

எரிந்த சரிவில் முதல் பெருமழை வருமுன் செய்ய வேண்டியது மண்ணைப் பிடித்துவைப்பது. சாம்பலும் கருகிய மெழுகும் படிந்த மேல்மண் தண்ணீரை உள்ளே விடாது, மழை அப்படியே சாம்பலையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கும். தடாகம் பக்கத்து ஓடைகளும் கீழே உள்ள தோட்டக் கிணறுகளும் அதை வாங்கும். விழுந்து கிடக்கும் எரிந்த மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் கிடத்தி ஆப்பு வைப்பது மலிவான தடுப்பு. மேய்ச்சலை அந்த ஒரு பருவம் நிறுத்த வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் உண்ணிக் கன்றுகள் கையளவு உயரத்தில் இருக்கும்போது ஈரமண்ணிலிருந்து பிடுங்கினால் வேரோடு வரும், அடுத்த கோடைக்குள் அவை புதராகிவிட்டால் அரிவாளும் ஆளும் பத்து மடங்கு வேண்டும். யானைகள் முதல் புல் துளிர்த்ததும் எரிந்த திட்டுக்கு வந்துவிடும், அதுவரை அடிவாரத் தோட்டங்களில் இரவுக் காவலைக் கூட்ட வேண்டியிருக்கும். கருகிய பரப்பின் எல்லையை வரைபடத்தில் ஏற்றி, பாறைப்பட்டைகளோடு அது எங்கே சேர்கிறது என்று குறித்தால் அடுத்த ஜனவரியில் வெட்ட வேண்டிய கோட்டின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.